ஆளில்லாத ஊரில் வரிசை நடை

"எந்த பிளாக்கு சார்?" என்று நடத்துனர் மூன்று முறை கேட்டார். நான் கையிலிருந்த தாளைப் பார்த்துத் தெருவின் பெயரைச் சொன்னேன். "தெருவெல்லாம் இங்க எவனும் கேக்க மாட்டான். பிளாக்கு நம்பர சொல்லுங்க." எண் எழுதிய இடத்தில் மழைத்துளி பட்டு மை கலைந்திருந்தது. பத்து என்று படித்தேன். பத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். நான் பார்க்க வந்த மனிதர் இருந்தது பத்தொன்பதில்.

மணி காலை ஆறு. மார்கழிப் பனி. நெய்வேலி நகரியத்தின் சாலைகள் அகலமானவை, மரங்கள் அடர்ந்தவை, எல்லாம் ஒன்றுபோல இருப்பவை. ஒரு திருப்பத்தில் திரும்பினால் புறப்பட்ட இடத்துக்கே வந்ததுபோல இருக்கிறது. பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன். ஒரு வரிசை வீடுகளைத் தாண்டும்போதுதான் கவனித்தேன், எந்த வீட்டிலும் ஆள் இல்லை. கதவுகள் இல்லை, ஜன்னல் கம்பிகள் இல்லை. ஒரு கூடத்தின் நடுவில் அரசங்கன்று முளைத்துக் கூரையைத் தொட்டிருந்தது. சுவரில் வீட்டு எண் மட்டும் நேற்று எழுதியதுபோலப் பளிச்சென்று இருந்தது. எங்கிருந்தென்று சொல்ல முடியாத ஓர் இரைச்சல் தரைக்கடியிலிருந்து வந்துகொண்டே இருந்தது. சுரங்கத்து யந்திரங்கள் மூன்று ஷிப்டும் ஓடுகின்றன என்று பிறகு சொன்னார்கள். அந்த ஊரில் இருந்த நான்கு நாளும் அது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

எதிரே சைக்கிளில் வந்த பால்காரரிடம் வழி கேட்டேன். "காலி குவார்ட்டர்ஸ் வழியா வந்திங்களா? பகல்ல வாங்க சார், பாம்பு கெடக்கும்" என்று சொல்லிவிட்டுப் பனிக்குள் போய்விட்டார். வழியைச் சொல்லவில்லை.

என் ஊர் மலேசியாவில் ஈப்போ. அங்கும் பூமியைத் தோண்டித்தான் பிழைத்தார்கள். ஈயம் தீர்ந்தபின் குழிகளில் தண்ணீர் நிறைந்து குளங்களாகிவிட்டன. இப்போது அவற்றில் மீன் வளர்க்கிறார்கள், சுற்றி வீடுகட்டி ஏரிக்கரை வீடு என்று விற்கிறார்கள். நான் மலேசிய ராணுவத்தில் சார்ஜண்டாக இருந்து ஓய்வு பெற்றவன். எல்லைக் காட்டில் வரிசையின் கடைசி ஆளாகப் பல வருடம் நடந்தேன். ஓய்வுக்குப் பிறகு தொழிற்சாலை மேலாளர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் தலைமைப் பண்பு வகுப்பு எடுக்கிறேன். ராணுவம் கற்றுத் தந்தது என்று சொன்னால் மக்கள் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள்.

ஆனால் எனக்குச் சொந்தமாகப் பெரிய கதை எதுவும் இல்லை. நான் சண்டை பார்த்ததில்லை. என் கையில் ஓர் ஆள்கூடச் சாகவில்லை. அதனால் ஒரு கதையைக் கடன் வாங்கினேன். அமைதிப் படையில் ஆப்பிரிக்கா போயிருந்தபோது, உணவுக்கூடத்தில் இந்திய ராணுவத்தில் நாயக் பதவியிலிருந்த ஒருவர் என்னிடம் சொன்ன கதை அது. அவர் கண்ணிவெடி எடுக்கும் பிரிவில் இருந்தவர். வடக்கே எல்லையோரத்தில் கண்ணிகள் புதைத்த நிலத்தில் வரிசையாகத் திரும்பும்போது, கடைசியாக வந்த இவர் பயந்து உறைந்து நின்றுவிட்டார். முன்னால் போய்க்கொண்டிருந்த ஹவில்தார் திரும்பி வந்து இவரைத் தோளில் போட்டு வெளியே கொண்டுவந்து சேர்த்தார். "திரும்பி வந்த தலைவர்" என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். எத்தனையோ வகுப்புகளில் அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். இப்போது என் வகுப்புகள் சிறு புத்தகமாக வரப்போகின்றன. பதிப்பாளர் அந்த ஹவில்தாரின் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்றார். விசாரித்ததில் கிடைத்த பெயர் கலியமூர்த்தி, நெய்வேலி.

தொலைபேசியில் அவர் அதிகம் பேசவில்லை. "வாங்க" என்றார். அவ்வளவுதான்.

பத்தொன்பதாம் பிளாக்கை ஒருவழியாகக் கண்டுபிடித்தபோது அவர் வாசலில் நின்றிருந்தார். ஐம்பது தாண்டிய, ஒல்லியான, நிமிர்ந்த மனிதர். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். "சாப், வரணும்" என்று சல்யூட் அடித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் மனைவி சுரங்க நிறுவனத்தில் பெர்மனன்ட் ஊழியர். அந்த வகையில் கிடைத்த குவார்ட்டர்ஸ். எட்டு வீடு கொண்ட வரிசையில் இரண்டில்தான் ஆள் இருந்தார்கள். மற்ற ஆறும் நான் வழியில் பார்த்தவைபோலத்தான் இருந்தன.

"பயமா இல்லையா?" என்றேன்.

"பழகிடும் சாப். பக்கத்து வூட்டுல கொழாய தொறந்து வுட்ட மாரி சத்தம் கேக்கும். போயி பாத்தா கொழாயே இருக்காது."

இட்லிக்குத் தொட்டுக்கொள்ள ஒரு சட்னி வைத்தார்கள். நன்றாக இருக்கிறதே, என்ன சட்னி என்று கேட்டேன். "மல்லாட்டை" என்றார் அவர் மனைவி. எனக்குப் புரியவில்லை. அவர் உள்ளே போய் ஒரு பிடி நிலக்கடலையைக் கொண்டுவந்து காட்டினார். ஈப்போவில் கச்சான் என்போம். மூவரும் சிரித்தோம். அந்த வீட்டில் நான் சிரிப்பு கேட்டது அந்த ஒரு முறைதான்.

சாப்பிட்டபின் அச்சடித்த பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். முடித்ததும் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கையெழுத்து என்று இழுத்தேன். "பாப்போம் சாப்" என்றார். அன்று முழுக்க அதைப் பற்றிப் பேச்சில்லை. மாலையில் என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனார். பரோட்டா வாங்கித் தந்தார். நடக்கும்போது கவனித்தேன், அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து யாரோ பெயர் சொல்லி அழைத்தார்கள். அவர் நின்று, முகத்தைத் திருப்பாமல், அந்த ஆள் நடந்து வந்து தன் முன்னால் நிற்கும்வரை காத்திருந்தார்.

அவருக்கு இப்போது காவல் வேலை. பக்கத்தில் ஒரு கிராமம். நிலத்தைச் சுரங்கத்துக்கு எடுத்தபின் அங்கிருந்தவர்கள் வேறு இடத்துக்குக் குடிபோய்விட்டார்கள். சுரங்கம் இன்னும் அதுவரை வந்து சேரவில்லை. அந்த இடைக்காலத்துக்கு அந்த நிலத்தை ஒரு கான்ட்ராக்ட் குழு காவல் காக்கிறது. தினம் காலை ஆட்கள் மாறுவதற்கு முன் ஒரு சுற்று நடக்க வேண்டும். மரம் வெட்டுபவர்கள், கம்பி பிடுங்குபவர்கள் யாராவது நுழைந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். நானும் வருகிறேன் என்றேன். அவர் தயங்கினார்.

"கோயில் வரைக்கும் போவலாம். ஊர்க்காரங்க இன்னும் படையல் போட வருவாங்க, அந்த வழி தடுக்கல. ஆனா மூணு விசயம் சாப். நா வெச்ச எடத்துலதான் கால வெக்கணும். பேசக்கூடாது. பின்னால எது கேட்டாலும் திரும்பக்கூடாது."

"கண்ணிவெடியா இருக்கிறது அங்கே?" என்று வேடிக்கையாகக் கேட்டேன்.

"கெணறு" என்றார். "வூட்டுக்கு ஒரு கெணறு. போறப்ப ஊர்க்காரங்க சுத்துச் செவுத்துக் கல்லெல்லாம் பேத்து எடுத்துகினு போயிட்டாங்க. புது வூடு கட்ட வேணுமில்ல. இப்ப மேல கொடி படர்ந்துடுச்சி. பாத்தா தரை மாரியே இருக்கும்."

மறுநாள் விடியும்போது கிளம்பினோம். கலியமூர்த்தி முன்னால், அவருக்குப் பின் ஐந்து காவலர்கள், ஏழாவதாக நான். எனக்கு முன்னால் நடந்தவர் வேல்முருகன், முப்பது வயதிருக்கும், தடித்த மூங்கில் கழி வைத்திருந்தார். தார்ச்சாலை முடிந்து மண்பாதை வந்ததும் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். யாரும் சொல்லாமலே இடைவெளி ஒன்றுபோல ஆனது. ஒரே நீளத்தில் காலடி விழுந்தது. முன்னால் போனவரின் செருப்புத் தடத்துக்குள் அடுத்தவர் செருப்பு. ஈரமண்ணில் ஏழு பேர் நடந்த வழியில் ஒரே ஓர் ஆள் போன தடம்தான் இருந்தது.

ஊர் என்று சொல்ல அங்கு எதுவும் மிஞ்சவில்லை. இடுப்பளவு மண்சுவர்கள், ஒரு நிலைப்படி, பாதி இடிந்த தண்ணீர்த் தொட்டி. ஒரு வீட்டுச் சுவரில் யாரோ பென்சிலால் பிள்ளையின் உயரத்தைக் கோடு கோடாகக் குறித்து வைத்திருந்தது அப்படியே இருந்தது. மயில் ஒன்று அகவியது. அது நின்றதும் யந்திர இரைச்சல் மட்டும்.

காட்டில் கடைசி ஆளாக நடந்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. அவன் முன்னால் பார்க்க மாட்டான், பின்னால் கேட்பான். பிடரியில் ஒரு காது வளர்ந்துவிடும். அந்தக் காது வருடக்கணக்கில் தூங்கிக்கிடந்தது. நிலைப்படியைத் தாண்டியபோது விழித்துக்கொண்டது.

என் பின்னால் யாரோ நடந்து வந்தார்கள்.

எதிரொலி என்று நினைத்தேன். நான் கால் வைத்ததும் ஒரு நொடி கழித்து இன்னொரு கால். எதிரொலி அப்படித்தான் வரும். ஆனால் நான் நடையைக் கொஞ்சம் மாற்றியபோது அது மாறவில்லை. அவசரமில்லாத, ஈரமண்ணை அழுத்தி மிதிக்கிற நடை. கோயிலுக்கு வரும் ஊர்க்காரராக இருக்கும் என்று மனதைத் தேற்றினேன். திரும்பக்கூடாது என்றதால் திரும்பவில்லை. சத்தம் நெருங்கியது. தோளுக்குப் பின்னால் வந்துவிட்டது. பாதை ஓர் ஆள் அகலம்தான். அவர் முந்திப் போக நினைக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. மரியாதைக்கு ஒதுங்கி வலது காலை வரிசைக்கு வெளியே வைத்தேன்.

அங்கே தரை இல்லை.

கொடிகள் தொடைவரை என்னை உள்ளே இழுத்தன. வயிறு மண்ணில் மோதியது. இடது முழங்கால் பாதையில் இருந்தது, இரண்டு கையாலும் புல்லைப் பற்றிக்கொண்டேன். வலது காலுக்கடியில் வெறும் குளிர்காற்று. உடைந்த செங்கல் ஒன்று கீழே போனது. அது தண்ணீரைத் தொட்ட சத்தம் வர நேரமானது.

"நில்லு!"

கலியமூர்த்தியின் குரல். நான் இன்னும் கத்தவே இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். பனியில் ஆறு முதுகுகள். ஒருவர்கூடத் திரும்பவில்லை. நான் கிணற்றில் தொங்கிக்கொண்டிருக்கிறேன், அந்த ஆறு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு கல்போல நின்றார்கள். வாழ்க்கையில் அப்படி ஒரு பயத்தை நான் அறிந்ததில்லை. கிணறு தந்த பயத்தைவிட அந்த முதுகுகள் தந்த பயம் பெரிது.

"சாப். எந்தக் கால் உள்ள போச்சி?"

"வலது."

"எடது முட்டி கெட்டித் தரையிலயா?"

"ஆமா."

"அசையாதிங்க. மூச்ச வுடுங்க. வேலு, நின்ன எடத்துலயே குந்து. கழிய காலுக்கடியில பின்னால நீட்டு. ஒதுங்காத. ஒரு வெரக்கட கூட ஒதுங்காத."

வேல்முருகன் அப்படியே குந்தி, திரும்பாமல் கழியைப் பின்னோக்கித் தள்ளினார். நான் அதைப் பிடித்தேன். கலியமூர்த்தி தூரத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். மார்பை முன்னால் சாய்க்கச் சொன்னார், முழங்காலை அழுத்தச் சொன்னார், பிறகு இழுக்கச் சொன்னார். நிமிடங்கள் ஆயின. வலது கால் செருப்பில்லாமல் வெளியே வந்து பாதைமேல் விழுந்தது. அப்போதும் அவர் என்னிடம் வரவில்லை. "காலடி பாத்து எந்திரிங்க. வரிசையிலயே நில்லுங்க. போவலாமா?" என்று கேட்டார். நடந்தோம்.

கோயில் என்பது வேம்படியில் இரண்டு சூலம், ஒரு கல்மேடை. அங்கே தரை சுத்தமாக இருந்தது. அங்கு வந்துதான் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வேல்முருகன் கண் கலங்கியிருந்தார். கலியமூர்த்தி பிளாஸ்க்கில் இருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"ஏன் சாப் வெளிய கால வெச்சிங்க?"

"பின்னால் ஒருத்தர் வந்தார். வழி விட்டேன்."

அவர் கையிலிருந்த பிளாஸ்க் மூடி கீழே விழுந்தது. காவலர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இங்க ஒரு ஆளு கூட வரும் சார்" என்றார் வேல்முருகன் மெதுவாக. "நாங்க யாரும் கடைசியா நடக்க மாட்டோம்னு சண்ட போடுவோம்."

"எத்தினி பேரு நடந்தாலும் எனக்கு ஒண்ணு அதிகமாத்தான் கேக்கும்" என்றார் கலியமூர்த்தி. "இன்னிக்கி எட்டு கேட்டுகினு இருந்துச்சி. திடீர்னு ஆறாச்சி. அதான் நிக்கச் சொன்னேன்." பிறகு மற்றவர்களைப் பார்த்து, "நீங்க தொட்டி வரைக்கும் போயி நில்லுங்க" என்றார். அவர்கள் போனதும் சட்டைப் பையிலிருந்து என் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இதுல பொய்யி இல்ல சாப். எல்லாம் நடந்ததுதான். ஒரு ஆளு பேருதான் இல்ல."

கண்ணி புதைத்த அந்த நிலத்துக்குள் அன்று எட்டுப் பேர் போனார்கள் என்றார். மணல் நிலம். சோதித்த வழியின் இருபுறமும் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போவார்கள். நாடாவுக்கு உள்ளே பத்திரம், வெளியே யாருக்கும் தெரியாது. மதியத்துக்குமேல் காற்று கிளம்பி நாடாவைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. அதனால் கலியமூர்த்தி முன்னால் நடக்க, அவர் காலடியில் மற்றவர்கள் கால் வைத்துத் திரும்பினார்கள். கடைசியில் வந்த நாயக் கத்தினார்.

"அவன் ஒண்ணையும் மிதிக்கல. மணல்ல கால் பொதஞ்சி பயந்துட்டான். நா நின்ன எடத்துலருந்தே கொரல் குடுத்திருக்கணும். எனக்கு சொல்லிக் குடுத்ததே அதான். ஆனா 'அண்ணே'ன்னு கத்தினான் சாப். நா திரும்பி ஓடினேன். வழி ஒரு ஆளு அகலம். ரெண்டாவது ஆளு ஒடம்ப சாய்ச்சான், தாண்டிட்டேன். மூணாவது கொளஞ்சி. நானும் அவனும் ஒரே நாள்ல ஆளெடுப்புக்குப் போனவங்க. என்னப் பாத்தான். 'வாண்ணே'ன்னு சொல்லிகினே ஒரு கால எடுத்து வெளிய வெச்சி வழி வுட்டான்."

மடியிலிருந்த தாளை அவர் இன்னும் ஒருமுறை மடித்தார்.

"ரத்தத்தோட எந்திரிச்சி ஓடி நாயக்க தூக்கிகினு வந்தேன். அத எல்லாரும் பாத்தாங்க. பாராட்டினாங்க. கொளஞ்சி ஊரு இதான் சாப். அந்த நெலப்படி அவன் வூட்டுது."

அந்த நாயக் என்னிடம் கதையின் முடிவில் இன்னொரு வாக்கியமும் சொல்லியிருந்தார். "அன்னிக்கி ஒருத்தன் போயிட்டான்" என்று, தட்டைப் பார்த்துக்கொண்டே. நான் யார், எப்படி என்று கேட்கவில்லை. வகுப்பில் அதைச் சொன்னதுமில்லை. சொன்னால் கதை கெட்டுவிடும். கலியமூர்த்தி மறைத்ததாவது தன் குற்றத்தை. நான் மறைத்தது என்னுடையதல்லாத ஒரு சாவை, கைதட்டலுக்காக.

அதைக் கலியமூர்த்தியிடம் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "அப்ப நம்ம ரெண்டு பேரும் ஒண்ணுதான்" என்று மட்டும் சொன்னார். பிறகு, "அவன் பொஞ்சாதி அஞ்சலைக்கு இது தெரியாது சாப். பொங்கலுக்கு பொங்கலு போவேன். புள்ள படிப்ப விசாரிப்பேன். வேற எதாவது பேசிட்டு வந்துருவேன். நாளைக்கி நீங்க கூட வாங்க. நீங்க உக்காந்திருந்தா நா ஓட முடியாது" என்றார்.

இப்போது இதை எழுதும்போது அந்தப் பக்கம் புத்தகத்தில் வேறாக அச்சாகிவிட்டது. வகுப்பிலும் வேறாகச் சொல்கிறேன். தலைவன் திரும்பி வரலாமா கூடாதா என்று போன மாதம் ஒரு மேற்பார்வையாளர் கேட்டார். முதுகைக் காட்டி நின்ற ஆறு பேரால் நான் உயிரோடு இருக்கிறேன், திரும்பி ஓடிய ஒருவரால் அந்த நாயக் வெளியே வந்தார், அதே ஓட்டத்தால் கொளஞ்சி இல்லை என்றேன். வகுப்பில் யாரும் கைதட்டவில்லை. முன்பு போல அழைப்புகளும் வருவதில்லை.

கோயிலடியில் பேசியதற்கு மறுநாள் கலியமூர்த்தியின் மோட்டார் சைக்கிளில் போனோம். முத்தாண்டிக்குப்பம் தாண்டி அது நின்றுவிட்டது. பிளக்கைக் கழற்றித் துடைத்தார், உதைத்தார், கிளம்பவில்லை. திரும்பிப் போய்விடலாம் என்று நான் சொல்வதற்காக அவர் காத்திருப்பதுபோலத் தோன்றியது. நான் பின்னால் போய் வண்டியில் கை வைத்தேன். இருவரும் தள்ளிக்கொண்டே ஒரு மைல் நடந்தோம். இருபுறமும் முந்திரித் தோப்பு. அதன் நிழலில் பனி இன்னும் கலையாமல் முழங்கால் உயரத்தில் தங்கியிருந்தது. பட்டறையில் விட்டுவிட்டு ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறினோம். ஆட்டோவில் ஒரு பெண், "மில்லுக்கு கரும்பு ஏத்தின வண்டி நெல்லிக்குப்பத்துல கவுந்துடுச்சாம், ரோடே அடப்பாம்" என்று யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் சாலை அடைபடவில்லை.

அஞ்சலை வீடு, ஊர்க்காரர்களுக்குத் தந்த புதுக் குடியிருப்பில் இருந்தது. எல்லா வீடும் ஒரே அளவு, நேர்க்கோட்டில். நாற்பதை எட்டிய பெண்மணி. செடி வளர்க்கும் பண்ணை ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. அன்று விடுமுறை போலும், கூடத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். மகள் கல்லூரிக்குப் போயிருந்தாள். சுவரில் சீருடையில் ஓர் இளைஞர். படத்தில்கூட ஒரு பக்கமாகக் கொஞ்சம் ஒதுங்கி நிற்பதுபோல இருந்தது. எனக்குத்தான் அப்படித் தெரிந்ததோ என்னவோ.

"வாங்கண்ணே. பொங்கலுக்கு இன்னும் நாளிருக்கே?"

கலியமூர்த்தி உட்காரவில்லை. நின்றபடியே, முகத்தைத் தூக்காமல், கோயிலடியில் என்னிடம் சொன்னதை அதே வார்த்தைகளில் சொன்னார். இடையில் ஒருமுறை நின்றுவிட்டார். நான் இருமினேன். தொடர்ந்தார். அஞ்சலையின் கை உரிப்பதை நிறுத்தவில்லை. தோல் உடையும் சத்தம் ஒன்றுபோல வந்துகொண்டே இருந்தது. "வாண்ணே" என்ற இடத்தில் நின்றது.

"நீங்க வழி வுடச் சொன்னிங்களா?"

"சொல்லல. ஓடியாந்தேன். அவனா ஒதுங்கினான்."

"கத்தினவரு இருக்காரா?"

"இருக்கான்."

"எந்தப் பக்கம் ஒதுங்கினாரு?"

கலியமூர்த்தி கையால் காட்டினார். "எடது."

அஞ்சலை அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சிமெண்ட் தரையும் ஒரு தண்ணீர்க் குடமும்தான் இருந்தன. "பணியின்போதுன்னு லெட்டர்ல போட்டிருந்தாங்க" என்றார் கடைசியாக. "அதுக்கு என்னா அர்த்தம்னு யார கேக்கறது. பயந்து ஓடினாரா, ஏதாச்சும் தப்பு பண்ணாரான்னு என் மாமியாருகிட்ட கூட கேட்டவங்க உண்டு. வழிதான் வுட்டாரு." கொஞ்சம் பொறுத்து, "கல்யாணத்துல தாலி கட்டிட்டு, கூட்டமா வந்தவங்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி செவுத்தோட ஒட்டிகினு நின்னாரு. எங்க மாப்ளன்னு தேடினாங்க."

கலியமூர்த்தி அழுதார். சத்தமில்லாமல், நின்றபடியே. அஞ்சலை அழவில்லை.

"அண்ணே, நீங்க கொஞ்ச நாளு இங்க வராதிங்க."

"சரிம்மா."

"நானே சொல்லி அனுப்பறேன். அது எப்பன்னு தெரியல."

"சரிம்மா."

அவர் வெளியே போனார். நானும் எழுந்தேன். "நீங்க உக்காருங்க" என்றார் அஞ்சலை. "அவ்ளோ தூரத்துலருந்து வந்திருக்கிங்க. சாப்புட்டுத்தான் போவணும்."

மறுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. தட்டில் சோறு போட்டுக் கருவாட்டுக் குழம்பு ஊற்றினார். நான் சாப்பிட்டேன். திறந்த கதவு வழியாகக் கலியமூர்த்தி தெரிந்தார். நிழல் இருந்தும் வெயிலில் நின்றிருந்தார், வீட்டுக்கு முதுகைக் காட்டி. இங்கும் தரைக்கடியில் அந்த இரைச்சல் கேட்டது. அஞ்சலை எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். நான் போதும் என்றேன். அவர் அதைக் கேட்கவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எழுந்து, குடத்திலிருந்து ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு வெளியே எடுத்துப் போனார். கலியமூர்த்தியின் பின்னால் போய் நின்றார். பெயர் சொல்லி அழைக்கவில்லை. அவர் எப்போதும்போலத் திரும்பாமல் நின்றார். அஞ்சலையும் சுற்றி முன்னால் போகவில்லை. சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். நான் கையில் சோற்றோடு பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் போனது.

கலியமூர்த்தி திரும்பி, சொம்பை வாங்கிக் குடித்தார்.